கையை உடம்போடு விட்டே எடை போட்ட கதை: வீங்கிய ஒரு கையின் நிகழ்வு ஆய்வு

"கை கல்லு மாதிரி கனக்குதும்மா. பார்க்கிறவங்களுக்குத் தெரியல. சொன்னா நம்பவும் மாட்டேங்கிறாங்க."

அந்த அம்மா என் முன்னால் உட்கார்ந்து முதலில் சொன்னது இதைத்தான். வயது 54. உயரம் 156 சென்டிமீட்டர், எடை 62 கிலோ. வலது கைப் பழக்கம். இடது மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்து, இடது அக்குளிலிருந்து நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தார்கள். பிறகு கதிர்வீச்சு. இதெல்லாம் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. கடைசி எட்டு மாதமாக இடது கை கொஞ்சம் கொஞ்சமாக வீங்கிக்கொண்டே வந்திருக்கிறது. புண் இல்லை, சிவப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக நிரம்பியது. நிணநீர் வீக்கம் (நிணநீர் வடிய வழியில்லாமல் தேங்குவதால் வரும் வீக்கம்) என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

முன்பு காட்டிய ஓர் இடத்தில், "வீக்கம் லேசாத்தான் இருக்கு, கனமெல்லாம் மனசுல இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அவரை அதிகம் வருத்தியது வீக்கத்தைவிட அந்த வார்த்தைதான். தலை வாரக் கையைத் தூக்கினால் பாதியிலேயே இறக்கிவிட வேண்டியிருக்கிறது, கொடியில் துணி போட முடியவில்லை, ராத்திரி எந்தப் பக்கம் படுத்தாலும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "உண்மையிலேயே எவ்வளவு கனம்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

சிகிச்சைக்கு அந்த எண் கட்டாயம் தேவையில்லை. சுற்றளவு மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்கியிருக்கலாம். ஆனால் கேட்டவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. உடம்போடு ஒட்டியிருக்கும் ஒரு கையை எப்படி எடை போடுவது?

முதலில் செய்த தப்பு

எல்லோருக்கும் முதலில் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது. மேசைமேல் எடை இயந்திரத்தை வைத்து, "கையைத் தளர்வாக இதன்மேல் போடுங்கள்" என்றேன். வலது கை 1.9 கிலோ காட்டியது. இடது கை 1.7. வீங்கிய கை எடை குறைவு!

மறுபடி போட்டோம். இடது 2.2. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டதும் 1.3. இயந்திரம் கெட்டுப்போகவில்லை. அது காட்டிக்கொண்டிருந்தது கையின் எடையை அல்ல, கையின் எடையில் தோள் தாங்காமல் விட்ட பங்கை.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கையை நேராக நீட்டினால் அதன் ஈர்ப்பு மையம் முழங்கைக்கு மிக அருகில் வருகிறது. தோள்மூட்டிலிருந்து மணிக்கட்டு வரையிலான தூரத்தில் சுமார் 53 சதவீதத்தில். இயந்திரத்தை மணிக்கட்டுக்கு அடியில் வைத்தால், ஒரு முனையைத் தோளும் மறுமுனையை இயந்திரமும் பிடித்திருக்கும் பலகைபோல் கை கிடக்கும். அப்போது இயந்திரம் பாதிக்குச் சற்று மேல்தான் காட்டும். அதையே முழங்கைக்கு அடியில் நகர்த்தினால் கிட்டத்தட்ட முழு எடையும் அதன்மேல் இறங்கும். ஒரே கைதான், இடம் மாறியதும் எண் மாறிவிடுகிறது.

சரி, முழங்கைக்கு அடியிலேயே வைத்துவிட்டால்? கணக்குப்படி சரிதான். ஆனால் தோள் எண்ணெய் போட்ட கதவுக் கீல் அல்ல. அதைச் சுற்றித் தசை இருக்கிறது, இறுகிய தோல் இருக்கிறது, கதிர்வீச்சு பட்ட இடத்தின் விறைப்பு இருக்கிறது. எட்டு மாதமாகக் கனக்கும் கையைத் தோள்தசை தன்னையறியாமல் தூக்கிப் பிடித்தே பழகியிருக்கிறது. "தளர்த்துங்கள்" என்று சொன்னால் தளர்ந்துவிடாது. வீங்கிய கை எடை குறைவாகக் காட்டியதற்குக் காரணம் அதுதான். அந்த 1.7-ஐ நம்பி நானும் "மனசுல இருக்கிறது" என்று சொல்லியிருக்கக்கூடும். நினைத்தால் இன்னும் சங்கடமாக இருக்கிறது.

அட்டவணையைக் கேட்டால்

அடுத்து அட்டவணை. உடல் எடையில் ஒவ்வொரு உறுப்பும் எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். இவற்றில் பழையவை எல்லாம் இறந்தவர்களின் உடலை வெட்டி எடை போட்டவை. 1860-இல் ஹார்லெஸ், 1889-இல் ப்ரௌனேயும் ஃபிஷரும் உறையவைத்த உடல்களில், 1955-இல் டெம்ப்ஸ்டர் 8 ஆண் உடல்களில். உயிரோடு இருப்பவர்களிடம் பெரிய அளவில் செய்தவர்கள் சட்ஸியோர்ஸ்கியும் செலுயானோவும். காமா கதிரை உடல் வழியே செலுத்தி, எவ்வளவு தேய்ந்து வெளிவருகிறது என்பதை வைத்து நிறையைக் கணித்தார்கள். 100 ஆண்கள், 15 பெண்கள், பெரும்பாலும் இளவயதினர். அந்த எண்களை 1996-இல் டி லேவா மூட்டு மையங்களுக்கு ஏற்பத் திருத்தித் தந்தார்.

டெம்ப்ஸ்டர் எண்படி ஒரு முழுக் கை உடல் எடையில் 5 சதவீதம். டி லேவா தரும் பெண்களுக்கான எண்களில் மேற்கை 2.55, முன்கை 1.38, உள்ளங்கையும் விரல்களும் 0.56. மொத்தம் 4.49 சதவீதம். 62 கிலோவுக்கு முதல் கணக்கு 3.1 கிலோ தருகிறது, இரண்டாவது 2.8 கிலோ.

இரண்டுக்கும் நடுவே 300 கிராம் இடைவெளி. எங்கள் கேள்வியே சில நூறு கிராம் பற்றியது. அது போக, இந்த அட்டவணைக்கு இடது வலது தெரியாது, வீக்கம் தெரியாது, 54 வயதுப் பெண்ணையும் தெரியாது. கால் அகற்றப்பட்ட ஒருவரின் உடல் எடைக் குறியீட்டைச் சரிசெய்ய (முழங்காலுக்குக் கீழே போனால் 5.9 சதவீதம், முழுக்கால் போனால் 16) இந்த மாதிரி எண்கள் நன்றாக உதவுகின்றன. நானே பயன்படுத்தியிருக்கிறேன். ஒரு குறிப்பிட்ட கையைப் பற்றிப் பேச இவை போதாது.

இந்த இடத்தில்தான் கேள்வியையே மாற்றினேன். முழுக் கையின் எடை எனக்கு எதற்கு? அவரிடம் இன்னொரு கை இருக்கிறதே. அதே வயது, அதே எலும்பு, அதே உடம்பு. வீங்கிய கைக்கும் வீங்காத கைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பிடித்தால் போதும். இரண்டு கைக்கும் பொதுவான பிழைகள் கழிந்துவிடும். எலும்பின் அடர்த்தி என்ன, தோள் எங்கே முடிந்து கை எங்கே தொடங்குகிறது என்ற தகராறுகளெல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

டேப்

மணிக்கட்டு எலும்பின் முனையிலிருந்து தொடங்கி மேலே 4 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, தோலில் எழுதும் பேனாவால். 40 சென்டிமீட்டர் வரை. அக்குளுக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். ஒவ்வொரு கோட்டிலும் சுற்றளவு. டேப் தோலைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. வீங்கிய கையில் இது எளிதல்ல. கொஞ்சம் இழுத்தாலே டேப் தோலுக்குள் பதிந்து அரை சென்டிமீட்டரை விழுங்கிவிடும்.

இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள துண்டைக் கூம்பின் இடைக்கண்டமாக (நுனியை வெட்டிய கூம்பாக) எடுத்துக்கொள்கிறோம். இரண்டு சுற்றளவுகளின் வர்க்கங்கள், அவற்றின் பெருக்கற்பலன், மூன்றையும் கூட்டி உயரத்தால் பெருக்கி 37.7-ஆல் (அதாவது 12 பை) வகுத்தால் கன அளவு வரும்.

முன்கையில் ஒரு துண்டை மட்டும் காட்டுகிறேன். வலது கையில் சுற்றளவு 24.0, அடுத்த கோட்டில் 25.2. வர்க்கங்கள் 576, 635. பெருக்கற்பலன் 604.8. கூட்டினால் சுமார் 1816. நான்கால் பெருக்கி வகுத்தால் 193 மி.லி. இடது கையில் அதே இரண்டு கோடுகள் 28.4, 30.1. கணக்கு 272 மி.லி. தருகிறது. நான்கு விரல் அகலம்கூட இல்லாத ஒரு துண்டில் 80 மி.லி. கூடுதல்.

பத்துத் துண்டுகளையும் கூட்டினால் வலது கை 1850 மி.லி., இடது கை 2520 மி.லி. வித்தியாசம் 670, அதாவது 36 சதவீதம். 200 மி.லி. அல்லது 10 சதவீதம் தாண்டினாலே நிணநீர் வீக்கம் என்று எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். "வீக்கம் லேசாத்தான் இருக்கு" என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது.

டேப்புக்கு ஒரு குறை உண்டு. உள்ளங்கையும் விரல்களும் கூம்பு அல்ல, அந்தக் கணக்கில் அவை வராது. இவருக்கோ புறங்கையும் உப்பியிருந்தது. அதனால் தண்ணீர்.

தண்ணீர்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நிரம்பி வழிந்த நீரைப் பிடித்து அளப்பது பழைய முறை. அதில் பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டும் நீர், சிந்தும் நீர், கடைசிச் சொட்டு எப்போது விழும் என்ற காத்திருப்பு எல்லாம் உண்டு. அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது: தண்ணீர்ப் பாத்திரத்தையே எடை இயந்திரத்தின்மேல் வைத்துவிடுவது.

65 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒடுக்கமான பிளாஸ்டிக் டிரம். அதில் வெதுவெதுப்பான தண்ணீர். சூடாக இருக்கக் கூடாது, சூடு வீக்கத்தைக் கூட்டும். அடியில் 30 கிலோ தாங்கும், 10 கிராம் துல்லியமுள்ள மேடைத் தராசு. டிரம்மும் தண்ணீரும் சேர்ந்த எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, அவரைப் பக்கத்தில் நாற்காலியில் சாய்ந்து உட்காரவைத்து, கையை மெதுவாக இறக்கச் சொன்னேன். பக்கத்தில் படக் கூடாது, அடியில் தொடக் கூடாது, மணிக்கட்டுக்கு மேல் 36-ஆவது சென்டிமீட்டர் கோடு நீர்மட்டத்தைத் தொட்டதும் நிறுத்த வேண்டும்.

கை எதையும் தொடவில்லை. அவர் தோள்தான் கையைத் தாங்குகிறது. ஆனாலும் தராசின் எண் ஏறுகிறது. அவர் ஆச்சரியத்தோடு பார்த்தார். "நான் அழுத்தலையேம்மா!" என்றார்.

அழுத்தவில்லைதான். தண்ணீர் கையை மேலே தள்ளுகிறது, அது மிதப்பு விசை. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி கை தண்ணீரை அதே அளவு விசையோடு கீழே தள்ளுகிறது. ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி அந்த விசை, விலகிய தண்ணீரின் எடைக்குச் சமம். தண்ணீர் 1 மி.லி. ஏறக்குறைய 1 கிராம். ஆகவே தராசு கிராமில் காட்டுவதை மி.லி. என்று படித்துக்கொள்ளலாம். தோள் எவ்வளவு தாங்குகிறது, தசை தளர்ந்திருக்கிறதா இறுகியிருக்கிறதா என்பது இங்கே பொருட்டே இல்லை. முதல் நாள் என்னை ஏமாற்றிய தோளால் தண்ணீரை ஏமாற்ற முடியவில்லை.

வலது கை மூன்று தடவை: 1.87, 1.90, 1.88. இடது கை மூன்று தடவை: 2.55, 2.58, 2.56. ஒரு தடவை இடையில் விரல்நுனி அடியைத் தொட்டு எண் சட்டென்று எகிறியது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. சராசரி வித்தியாசம் 680 மி.லி.

டேப்பின்படி அதே 36 சென்டிமீட்டர் வரை வித்தியாசம் 615. மீதி 65 டேப் பார்க்காத உள்ளங்கையும் விரல்களும். தண்ணீருக்குள் போகாத கடைசித் துண்டில் டேப் காட்டிய 55-ஐயும் சேர்த்தால், விரல்நுனி முதல் அக்குள் வரை கூடுதல் 735 மி.லி. தனித்தனியாக எடுத்த இரண்டு அளவுகள் இப்படிப் பொருந்தி வந்தபோது எனக்கு நிம்மதி.

மி.லி.யிலிருந்து கிராமுக்கு

கன அளவு எடை ஆகாது. நடுவில் அடர்த்தி இருக்கிறது. டெம்ப்ஸ்டர் தந்த அடர்த்திகள்: மேற்கை 1.07, முன்கை 1.13, உள்ளங்கையும் விரல்களும் 1.16. கீழே போகப் போக எலும்பின் பங்கு கூடுவதால் அடர்த்தியும் கூடுகிறது. சராசரியாக 1.1 என்று எடுத்தால், வலது கை அக்குள் மட்டம் வரை 2.4 கிலோ. டி லேவா சொன்ன 2.8-க்கும் இதற்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் அக்குளுக்கு மேலே தோள்மூட்டு வரை உள்ள சதை. அட்டவணை தோள்மூட்டில் தொடங்குகிறது, எங்கள் அளவு அக்குளில் நின்றுவிடுகிறது.

கூடுதல் 735 மி.லி.க்கு இந்த 1.1-ஐப் போடக் கூடாது. கூடியது எலும்பு அல்ல. அங்கே தேங்கியிருப்பது நிணநீர், நாள்பட்டால் கொழுப்பும் நாரும் சேரும். முழுவதும் திரவம் என்றால் சுமார் 740 கிராம். முழுவதும் கொழுப்பு என்றால் (அடர்த்தி 0.9) 660 கிராம். உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். விரலழுத்தத்துக்குக் குழி விழுந்ததால் திரவத்தின் பங்கே அதிகம் என்று எடுத்துக்கொண்டு, "சுமார் 700 கிராம்" என்று எழுதிவைத்தேன்.

வலது கைப் பழக்கம் உள்ளவருக்கு இயல்பிலேயே வலது கை கொஞ்சம் பெரிதாக இருக்கும். வீங்கியது இடது கை என்பதால், உண்மையான கூடுதல் இதைவிடச் சற்று அதிகமாகத்தான் இருக்கும். அறுவைக்கு முன்பே இரண்டு கையையும் அளந்து வைத்திருந்தால் இந்த ஊகம் தேவைப்பட்டிருக்காது. அக்குள் அறுவைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே பத்து நிமிடம் டேப் பிடித்து வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வேறு வழிகளும் உண்டு. இரட்டை ஆற்றல் எக்ஸ்ரே ஸ்கேன் கையின் நிறையை எலும்பு, கொழுப்பு, மற்றவை என்று பிரித்தே தரும். அந்த வசதி எங்களிடம் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் பொரெல்லி மனிதனைப் பலகையில் படுக்கவைத்து ஈர்ப்பு மையம் தேடிய வழியில், பலகையின் ஒரு முனையைத் தராசில் வைத்து, கையை உடம்போடு ஒட்டியும் தலைக்கு மேல் தூக்கியும் எண் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கலாம். 2 மீட்டர் பலகையில் வலது கைக்கு 740 கிராம் மாற்றம் வரும், இடது கைக்கு அதைவிட 200 கிராம் கூட வரும். ஆள் எடை போடும் இயந்திரம் 100 கிராம் படியில்தான் காட்டும். அதோடு அவரால் இடது கையை முழுதாகத் தூக்கவும் முடியாது. கணக்கைப் போட்டுப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

700 கிராம் எப்படிக் கல்லாகும்?

எண்ணைச் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் வாடியது. "அவ்வளவுதானா? முக்கால் கிலோகூட இல்லையா?"

இங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். கையின் கனத்தை நாம் கிலோவாக உணர்வதில்லை, தோளில் அது தரும் திருப்புத்திறனாக (எடையையும் தோளிலிருந்து அதன் தூரத்தையும் பெருக்கிய அளவாக) உணர்கிறோம். கையைப் பக்கவாட்டில் தோள்மட்டத்துக்கு நீட்டும்போது, தோள்மூட்டு வரை சேர்த்து வலது கையின் சுமார் 2.75 கிலோ, தோளிலிருந்து சுமார் 27 சென்டிமீட்டர் தள்ளி இழுக்கிறது. அது 7.3 நியூட்டன் மீட்டர். இடது கையில் கூடிய 700 கிராம் முழங்கையைச் சுற்றியும் முன்கையிலும் தேங்கியிருக்கிறது, தோராயமாக 30 சென்டிமீட்டர் தள்ளி. அது இன்னொரு 2.1. கூடுதல் 28 சதவீதம்.

அந்த இழுப்பைத் தாங்கும் தோள்தசையோ மூட்டுக்கு மிக அருகில் பிடித்திருக்கிறது. அதன் நெம்புகோல் தூரம் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சாதாரணக் கையை நீட்டிப் பிடிக்கவே தசை சுமார் 25 கிலோ எடைக்குச் சமமாக இழுக்க வேண்டும். வீங்கிய கைக்கு 32 கிலோ. 700 கிராம் தசைக்குப் போய்ச் சேரும்போது 7 கிலோ ஆகிறது. அதுவும் கையை நீட்டும் ஒவ்வொரு தடவையும், அறுவையிலும் கதிர்வீச்சிலும் அடிபட்ட ஒரு தோளுக்கு.

ஒரு தாளில் கோடு போட்டு இதைக் காட்டினேன். தோள் ஒரு புள்ளி, தசை ஒரு சின்னக் கோடு, கை ஒரு நீளக் கோடு. அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் பொய் சொல்லல" என்றார்.

சிகிச்சையும் மறு அளவும்

சிகிச்சை வழக்கமானதுதான்: தோல் பராமரிப்பு, கையால் நிணநீரை வடியவிடும் மென்மையான மசாஜ், பல அடுக்குக் கம்ப்ரஷன் கட்டு, கட்டோடு செய்யும் பயிற்சி. நான்கு வாரம். கட்டு போட்ட கை முதல் சில நாள் இன்னும் கனக்கும் என்று முன்பே சொல்லிவைத்தேன்.

நான்கு வாரம் கழித்து அதே டிரம், அதே கோடு, அதே காலை நேரம். வலது 1.89, இடது 2.22. வித்தியாசம் 330 மி.லி. கடைசித் துண்டில் டேப் காட்டிய 25-ஐச் சேர்த்தால் 355. பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. அவர் வீட்டில் தினமும் ஏறி நின்ற எடை இயந்திரமோ இதைக் காட்டவே இல்லை. 62.0 என்றிருந்தது 61.8 ஆனது, அவ்வளவுதான். குடித்த தண்ணீரிலும் சாப்பாட்டிலும் ஒரு நாளைக்குள்ளேயே அதைவிட அதிகமாக எடை ஏறி இறங்கும். அதில் 380 கிராமைத் தேட முடியாது.

மீதி இருக்கும் 355 மி.லி. அழுத்தினால் முன்போல் குழி விழவில்லை. கொழுப்பும் நாரும் அதில் கணிசமாக இருக்கலாம், கட்டால் மட்டும் அது போகாது. இதை அவரிடம் மறைக்கவில்லை. இப்போது பகலில் அளவெடுத்துத் தைத்த கம்ப்ரஷன் உறை போட்டுக்கொள்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து டிரம்முக்குள் கையை விடுகிறார். அடியைத் தொடாமல் எப்படி இறக்குவது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிகிறது. தராசின் எண் நின்றதும் அவரே படித்து, தன் சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்கிறார். போன தடவை எழுதியது: வலது 1.88, இடது 2.19.